சாவியைக் கொடுக்கும்போது கால் மணி நேரமும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சேலம் கோரிமேட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. வயது 63. உங்கள் நாளிதழில் புது கார்களைப் பற்றி வரும் பக்கத்தை விடாமல் படிக்கிறேன். எந்த வண்டி எவ்வளவு மைலேஜ் கொடுக்கும், எதில் எத்தனை ஏர்பேக் என்று விவரமாக எழுதுகிறீர்கள். வாங்கிய வண்டி ஒரு விடியற்காலையில் கதவே திறக்காமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பக்கத்தில் இதுவரை நான் படித்ததில்லை. கடந்த தை மாதம் எனக்கு அது நடந்தது. கடிதம் நீளமாகிவிட்டது, தேவைப்பட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள். சாவிக்குள் இருக்கும் சாவியைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் அண்ணன் ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறார். கொஞ்சம் காப்பியும், நிழல் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியும்தான் அவருடைய சொத்து. சிறுநீரகம் பழுதாகி, இரண்டு வருடமாக வாரம் இரண்டு முறை சேலத்தில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். செவ்வாயும் வெள்ளியும் காலை 8 மணிக்கு அவருடைய முறை. என் வீட்டிலேயே தங்கிவிடுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். மலையை விட்டு இறங்கினால் தூக்கம் வராது என்கிறார். பிறந்ததிலிருந்து அவர் வாழ்ந்த இடம் அது, அதற்கு மேல் நான் எப்படி வற்புறுத்துவது? அதனால் திங்களும் வியாழனும் மாலையில் நான் காரில் மேலே போய், இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலை 6 மணிக்கெல்லாம் அவரை அழைத்துக்கொண்டு இறங்குவேன். 20 கொண்டை ஊசி வளைவுகளும் இப்போது எனக்கு மனப்பாடம்.

அன்று வெள்ளிக்கிழமை. இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. சில்வர் ஓக் மரத்தடியில் நின்ற வண்டியின் கண்ணாடியெல்லாம் ஈரம். சாவியின் பட்டனை அழுத்தினேன், விளக்குகள் சிமிட்டவில்லை. கிட்டப் போய் அழுத்தினேன். கதவுக் கைப்பிடியில் உள்ள சின்னப் பட்டனையும் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சாவி கோரிமேட்டு வீட்டில், பீரோவுக்குள் இருக்கிறது. அண்ணன் ஸ்வெட்டர் போட்டு, காதை மூடி மப்ளர் சுற்றி, மருத்துவமனைக் காகிதங்கள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "ஏம் பாப்பா, வண்டி தெறக்கலையா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

வண்டி வாங்கிய இடத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், நான் நிற்கும் இடம் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "சாவி ஃபெயிலியர் மேடம். வண்டியை டோ பண்ணித்தான் கொண்டுவரணும். மலை ஏறி வரணும், மதியம் ஆயிடும். புதுச் சாவி, புரோகிராமிங் எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய் வரைக்கும் வரும்" என்றார். பட்டனை அழுத்தும்போது சாவியில் சின்ன விளக்கு எரிகிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

கடைசியில் பக்கத்துத் தோட்டத்து ஜீப்பைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிக் கிளம்பினோம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது 9.20. அதே இயந்திரத்துக்கு அடுத்த நோயாளி 12 மணிக்குக் காத்திருப்பார், அவரும் தூரத்திலிருந்து வருகிறவர். ஆகவே நான்கு மணி நேரம் ஓட வேண்டியது அன்று அண்ணனுக்கு இரண்டரை மணி நேரம்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருடைய இரண்டு காலும் வீங்கிவிட்டன. படியேறும்போது மூச்சு வாங்கியது. ஒரு சாவி வேலை செய்யாததற்கு இதுதான் விலை. அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை.

அன்று மதியம் அண்ணனை என் மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் போனேன். டோ வண்டிக்குச் சொல்வதற்கு முன் யாரிடமாவது காட்டிவிடலாம் என்று தோன்றியது. கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு சின்னக் கடை. 25 வயது இருக்கும் ஒரு பையன், கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாவியை வாங்கினான், பட்டனை அழுத்தினான், "லைட்டே வரலீங்கம்மா, பேட்டரி போயிருச்சு" என்றான். அப்புறம் சாவியின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னத் தாழைத் தள்ளி இழுத்தான். உள்ளேயிருந்து நீளமாக ஒரு இரும்புச் சாவி வெளியே வந்தது. "இது எதுக்குங்கம்மா இருக்குது? கதவத் தொறக்கறதுக்குத்தானுங்க" என்றான்.

ஐயா, மூன்று வருடமாக அந்தச் சாவியை நான் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். காலையில் அண்ணன் பனியில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரமும் கதவைத் திறக்கும் சாவி என் உள்ளங்கையிலேயே இருந்திருக்கிறது. அந்தக் கடை வாசலில் நின்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாவியைப் பிளந்து பழைய செல்லை எடுத்து மீட்டரில் வைத்துக் காட்டினான். 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.5-க்கும் கீழே நின்றது. புது செல் 40 ரூபாய். போட்டு அழுத்தியதும் சாவியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி மின்னியது. நாகலூர் போய் இறங்கினேன், முதல் அழுத்தலிலேயே வண்டி திறந்தது. 11,500 ரூபாய் என்று சொன்ன இடத்தில் ஆன செலவு 40 ரூபாய்.

வீட்டுக்கு வந்ததும் காருக்குள் இருந்த கையேட்டை எடுத்து உட்கார்ந்தேன். 400 பக்கத்துக்கு மேல், முழுக்க ஆங்கிலம். நான் தேடியது எல்லாமே அதில் இருக்கத்தான் செய்தது, ஆனால் ஐந்து வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடந்தது. படித்தவற்றை என் வண்டியிலேயே செய்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இந்த வகைச் சாவிக்குள் உண்மையில் மூன்று சாவிகள் இருக்கின்றன. முதலாவது, பட்டனை அழுத்தினால் ரேடியோ அலை அனுப்புவது. நம் நாட்டில் பெரும்பாலும் 433 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண். இதற்கு செல் வேண்டும். இரண்டாவது, நான் சொன்ன இரும்புச் சாவி. சில வண்டிகளில் அதற்கான துளை வெளியே தெரியாது, கைப்பிடி ஓரத்தில் ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும். மூன்றாவதைப் படித்தபோதுதான் எனக்கு மனசு ஆறவே இல்லை. சாவிக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதற்கு செல்லே தேவையில்லை. வண்டியில் ஸ்டார்ட் பட்டனை ஒட்டி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் அந்தச் சுருளின் மாறும் காந்தப்புலம் சில்லுக்குள் இருக்கும் குட்டிச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. அந்த மின்சாரத்தில் சில்லு உயிர்பெற்று, தன் அடையாளத்தை வண்டிக்குச் சொல்கிறது. வண்டி கிளம்புகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. முப்பது வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுருளையும் காந்தத்தையும் கால்வனாமீட்டரையும் வைத்து இதை நடத்தியிருக்கிறேன். அதே பாடம் என் கைப்பைக்குள் இருக்கிறது என்று வண்டியை விற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டு போர்டிகோவில் வேண்டுமென்றே செல்லைக் கழற்றிவிட்டுச் சோதித்தேன். இரும்புச் சாவியால் கதவைத் திறந்ததும் அலாரம் அலறியது. எல்லா வண்டியிலும் அப்படி இல்லையாம், என் வண்டியில் அலறுகிறது. பயந்துவிட வேண்டாம். பிரேக்கை மிதித்துக்கொண்டு, செல் இல்லாத சாவியின் முனையை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, சாவியாலேயே பட்டனை அழுத்தினேன். அலாரம் அடங்கியது, வண்டி கிளம்பியது. சில வண்டிகளில் சாவியை வைக்க வேண்டிய இடம் ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலோ, நடுவில் டம்ளர் வைக்கும் குழியிலோ இருக்கும். உங்கள் வண்டியில் அது எங்கே என்பதை ஒரு நல்ல நாளில், பகலில், வீட்டு வாசலிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் வியாழன் மாலை நன்றாகத் திறந்த சாவி, மறுநாள் காலை மலையில் ஏன் செத்தது? இந்தக் கேள்விக்கு உதவி எண்ணில் பேசியவரிடம் பதில் இல்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாத விடியலில் அங்கே குளிர் எலும்பைத் தொடும். குளிரில் செல்லுக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிறது, அதன் உள்மின்தடை ஏறுகிறது. புது செல்லுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே தீர்ந்துகொண்டிருக்கும் செல், கோரிமேட்டு வெப்பத்தில் எப்படியோ சமாளித்துவிட்டு, பனியில் கைவிட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் சாவியைக் கைக்குள் பொத்தியோ சட்டைக்குள் வைத்தோ ஐந்து பத்து நிமிடம் சூடேற்றினால், ஓரிரு அழுத்தலுக்காவது சில சமயம் உயிர் வரும். மலைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கும் இது உதவும்.

முன்னெச்சரிக்கையும் வந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. இரண்டு வாரமாகவே ஒரு முறைக்கு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. முன்பெல்லாம் கேட்டிலிருந்தே திறந்த வண்டி, பக்கத்தில் போனால்தான் திறந்தது. மீட்டர் பக்கத்தில் சாவிப் படம் ஒன்று மஞ்சளாக வந்து வந்து போனது. ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று விட்டுவிட்டேன். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே செல்லை மாற்றிவிடுங்கள்.

இன்னொரு காரணமும் என் பழக்கத்திலேயே இருந்தது. போர்டிகோச் சுவரில் ஓர் ஆணி அடித்துச் சாவியை அதில்தான் மாட்டுவேன், வண்டி கைக்கெட்டும் தூரத்தில். இந்தச் சாவிகள் வண்டியின் அழைப்பை எந்நேரமும் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பவை. வண்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தால் இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டு செல் சீக்கிரம் தீரும். டிவி, கம்ப்யூட்டர், கைபேசி சார்ஜர் பக்கத்தில் வைத்தாலும் அப்படித்தான் என்று கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். இப்போது சாவி உள்ளறைக்குப் போய்விட்டது. கைபேசியையும் சாவியையும் கைப்பையின் ஒரே அறையில் திணித்து வைத்தால், சாவி உள்ளே இருந்தும் 'சாவி இல்லை' என்று வண்டி சொல்வதுண்டு. ஒட்டி இருக்கும் கைபேசியின் அலையும் உலோகமும் செய்கிற வேலை அது. எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டாலும் அலை சரியாக வெளியே வராது.

செல் வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். என் சாவிக்கு சிஆர் 2032. இதில் 20 என்பது விட்டம், 20 மில்லிமீட்டர். 32 என்பது தடிமன், 3.2 மில்லிமீட்டர். சிஆர் 2025 என்ற செல்லும் அதே 3 வோல்ட்தான், அதே அகலம்தான், ஆனால் 0.7 மில்லிமீட்டர் மெலிந்தது. உட்கார்ந்த மாதிரி இருக்கும், குலுக்கலில் தொடர்பு விட்டுப்போகும். சாவியைப் பிளக்கும்போது திருப்புளி முனையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். பழைய செல் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். செல்லை மாற்றுவதால் சாவி வண்டியை மறந்துவிடாது, புரோகிராமிங் எதுவும் வேண்டியதில்லை. புது செல் போட்டும் சாவியில் விளக்கு எரிந்தும் கதவு திறக்கவில்லை, இன்னொரு சாவியும் திறக்கவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை என்றால், வண்டியின் பெரிய பேட்டரியைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதற்கு மெக்கானிக் வரட்டும்.

பழைய செல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணன் வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான், கையில் கிடைத்ததை வாயில் போடும் வயது. கடைக்காரப் பையன் பழைய செல்லை இரண்டு பக்கமும் டேப் ஒட்டித்தான் கொடுத்தான். குழந்தை இதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். தீர்ந்துபோன செல்லுக்கும் அந்த அளவு சக்தி மிச்சம் இருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தாய்மார்கள் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, சாவி முடிந்தது. மூன்று வாரம் கழித்து அதே வண்டியில் இன்னொன்று. செவ்வாய்க்கிழமை, இறங்கிக்கொண்டிருக்கிறோம். டயாலிசிஸ் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. வண்டியின் புளூடூத்தில் எடுத்தேன். அந்தப் பெண்ணின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஒலியைக் கூட்டலாம் என்று திருகுவதற்குள் இணைப்பு போய்விட்டது, அதற்குப் பதில் நிறுத்தி வைத்திருந்த பக்திப் பாடல் காதைப் பிளந்தது. அண்ணன் திடுக்கிட்டுவிட்டார். அகலமான ஒரு வளைவில் ஓரம்கட்டி, சிக்னல் கிடைத்த பிறகு கைபேசியிலேயே கூப்பிட்டுக் கேட்டேன். தண்ணீர் சுத்திகரிப்பில் கோளாறு, 11 மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லத்தான் அழைத்திருக்கிறார்கள்.

நெடுநாளாகவே அழைப்புகளில் குரல் சன்னமாகத்தான் இருந்தது. முதல் சர்வீஸுக்கு விட்டபோதே சொல்லியிருந்தேன். "ஸ்பீக்கர் வீக் மேடம், மாத்திடலாம்" என்று அப்போது சொன்னார்கள். பாட்டு அந்த ஸ்பீக்கரில்தான் கணீரென்று கேட்கிறது, அப்புறம் ஸ்பீக்கர் எப்படிப் பழுதாகும்? இந்த முறை நானே உட்கார்ந்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, என்னோடு வேலை பார்த்த தோழி ஒருவரை அழைத்து, அரை மணி நேரம் பேசிக்கொண்டே சோதித்தேன்.

பாட்டின் ஒலியளவு வேறு, அழைப்பின் ஒலியளவு வேறு. புளூடூத்தில் இரண்டும் தனித்தனி வழியில் வருகின்றன, வண்டியும் இரண்டையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. பாட்டு ஓடும்போது எவ்வளவு திருகினாலும் அழைப்பின் குரல் கூடாது. அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே திருக வேண்டும். அப்படித் திருகியபோது திரையில் தொலைபேசிப் படத்தோடு 5 என்ற எண் தெரிந்தது. 18-க்கு ஏற்றினேன். பாதி சரியானது. மீதிப் பாதி கைபேசியில் இருந்தது. கைபேசிக்கும் அழைப்புக்கென்று தனி ஒலியளவு உண்டு, அதையும் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டுப் பொத்தானால்தான் கூட்ட வேண்டும். என்னுடையது இரண்டாவது கோட்டில் கிடந்தது. கைபேசியில் ஏறக்குறைய முழுதாகவும் வண்டியில் நடுத்தரமாகவும் வைத்த பிறகு தோழியின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது. வண்டியில் அளவுக்கு மீறி ஏற்றினால், ஸ்பீக்கரில் வரும் குரல் மைக்கில் திரும்பப் போய், அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு அவர் பேச்சே எதிரொலிக்கும். தோழி அதைச் சொன்னதும் இரண்டு எண் குறைத்தேன்.

இதில் குழப்பிக்கொள்ளாமல் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: எனக்குக் கேட்கவில்லையா, அவர்களுக்குக் கேட்கவில்லையா? எனக்குக் கேட்கவில்லை என்றால் மேலே சொன்ன ஒலியளவுகள். நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் மைக். பெரும்பாலான வண்டிகளில் அது ஓட்டுநர் தலைக்கு மேலே, உள்விளக்குப் பக்கம் சின்னத் துளைகளாக இருக்கும். ஏசி காற்று அதன்மேல் நேராக வீசினாலே போதும், அந்தப் பக்கம் புயல் சத்தம்தான் கேட்கும். காற்றுத் திசையை இறக்கிவிட்டதில் என் அண்ணியின் நெடுநாள் குறை தீர்ந்தது. குரல் சன்னமாக இல்லாமல் விட்டு விட்டு வந்தால் அது இரண்டுமே இல்லை, மலைப்பாதையில் டவர் கிடைக்காத இடம். அதற்கு வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

என் மகனின் கைபேசியில் வேறு மாதிரி. பாட்டு வண்டியில் வரும், அழைப்பு மட்டும் கைபேசியிலேயே ஒலிக்கும். புளூடூத் அமைப்பில் வண்டியின் பெயரைத் தொட்டால் அழைப்புக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று எனத் தனித்தனிச் சுவிட்சுகள் வருகின்றன. அழைப்பு அணைந்திருந்தது. அதைப் போட்டதும் சரியானது. கைபேசியில் மென்பொருள் புதுப்பித்த பிறகு தகராறு ஆரம்பித்தால், வண்டியிலும் கைபேசியிலும் ஒன்றின் பெயரை மற்றொன்றிலிருந்து நீக்கிவிட்டு, புதிதாக இணைத்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் போதாது. இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவில்லை.

மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டே பேசுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. வளைவில் எதிர் வண்டியின் ஹாரன் கேட்க வேண்டும், ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். அந்த நேரத்தில் பேச்சு கூடாது. கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்த்திருக்கிறார்கள், சிறைத் தண்டனை வரை இருக்கிறது. ஆனால் புளூடூத்தில் குரல் கேட்காதபோது மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? கைபேசியை எடுத்துக் காதில் வைக்கிறார்கள். கோரிமேட்டிலிருந்து அடிவாரம் சோதனைச் சாவடி வரைக்கும் அப்படி ஒரு கையால் ஓட்டிக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். அழைப்பில் இருக்கும்போது திருக வேண்டும் என்பது தெரியாததால் அப்படிச் செய்கிறவர்கள் அவர்களில் நிச்சயம் இருப்பார்கள்.

வண்டி எடுத்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஆள் உயர அட்டைச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்துப் படம் எடுத்தார்கள். இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள். அவர்கள் காட்டிய அன்பில் குறை சொல்ல மாட்டேன். உண்மையான சாவியைக் கையில் கொடுத்து, "இதோ பாருங்கள், இதை இழுத்தால் இரும்புச் சாவி, செல் தீர்ந்தால் இங்கே ஒட்டிப் பிடியுங்கள், பேசும்போது இப்படித் திருகுங்கள்" என்று சொல்ல மட்டும் அங்கே நேரம் இருக்கவில்லை. கால் மணி நேரம் போதும். வாடிக்கையாளரையே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். சொல்லிக் கேட்டது மறந்துபோகும், செய்து பார்த்தது கையில் நிற்கும் என்பதை வகுப்பறையில் நான் பார்த்திருக்கிறேன்.

கூடவே தமிழில் ஒரே ஒரு தாள் கொடுக்கட்டும். என் தெருவில் ஆக்டிங் டிரைவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். பிறர் வண்டியை ஓட்டிப் பிழைப்பவர்கள், நான்கு பேருக்கும் ஆங்கிலக் கையேடு படிக்க வராது. ஏற்காட்டு ஏரிக்கரையிலோ சேர்வராயன் கோயில் பக்கத்திலோ ஒரு குடும்பத்தோடு மாட்டிக்கொண்டால் அவர்கள்தான் திட்டு வாங்குகிறார்கள். உதவி எண்ணில் பேசுகிறவர்களுக்கும் முதல் கேள்வியாக "சாவியில் விளக்கு எரிகிறதா?" என்பதை எழுதிக்கொடுங்கள். டோ வண்டி, புதுச் சாவி என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

ஷோரூம்கள் தாள் கொடுக்கும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நானே ஒன்று எழுதியிருக்கிறேன், ஒரு பக்கம்தான். ஜெராக்ஸ் எடுத்து ஆக்டிங் டிரைவர்களுக்குக் கொடுத்தேன். டயாலிசிஸ் பிரிவில் நோயாளிகளைக் காரில் கூட்டிவரும் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன், அதில் மேட்டூர்க்காரர் ஒருவர் அங்கேயே போய்த் தன் வண்டியில் செய்து பார்த்துவிட்டு வந்தார். அந்தத் தாளின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். உங்கள் கார் பக்கத்தில் ஓர் ஓரத்தில் போட இடம் கிடைத்தால் போடுங்கள். வண்டிக்கு வண்டி சிறு வித்தியாசம் இருக்கும் என்பதை மட்டும் மேலே குறிப்பிட்டுவிடுங்கள்.

அந்த சர்வீஸ் சென்டரில்தான் இன்னும் என் வண்டியை விடுகிறேன், அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சங்கடம் வேண்டாம். ஆகவே என் பெயரைத் தவிர்த்து வெளியிடக் கோருகிறேன். அண்ணனுக்குக் கால் வீக்கம் இப்போது வடிந்துவிட்டது. இன்று வியாழன், நான் மேலே கிளம்ப வேண்டும். இரண்டு சாவியும் கைப்பையில் இருக்கின்றன, கூடவே உறை பிரிக்காத 2032 செல் ஒன்றும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கோரிமேடு, சேலம்.